செதுக்கு வேலைக்கான வடிவங்களை டேப்லெட்டில் வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தங்கம், வெள்ளி, பித்தளைச் சாமான்களில் செதுக்கு வேலை செய்வோருக்கும், அவர்களுக்கு வடிவம் வரைந்து கொடுப்போருக்கும் இந்தப் பக்கம் எழுதப்பட்டது. செட்டியார் தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் உள்ள பட்டறைகளுக்கு வரைந்து கொடுக்கும்போதும், புதிதாகப் பழக வருவோருக்குக் காட்டிக்கொடுக்கும்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரையப் பழகுவது எப்படி என்று இது சொல்லித் தராது. பென்சிலால் ஒரு கொடிக்கருக்கை ஓரளவு ஒழுங்காக வரையத் தெரிந்த ஒருவர், அதே வேலையை டேப்லெட்டிலும் ஸ்டைலஸ் பேனாவிலும் செய்யும்போது எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பென்சிலும் ட்ரேசிங் தாளும் இருக்கும்போது டேப்லெட் எதற்கு?

உளி ஓடிய பிறகு திருத்தம் என்பது பெரும்பாலும் இல்லை. ஆழமில்லாத கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் தேய்ந்து போகும் பவுண் வாடிக்கையாளருடையது. ஆகவே மாற்ற வேண்டியவற்றையெல்லாம் உளியைக் கையில் எடுக்கும் முன்பே மாற்றி முடித்துவிட வேண்டும். தாளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு பிரதி எடுக்க வேண்டியிருக்கிறது. டேப்லெட்டில் கொடியை ஓர் அடுக்கிலும், பூவை இன்னோர் அடுக்கிலும், நிழற்கோடுகளை மூன்றாவது அடுக்கிலும் வைத்துக்கொண்டால், பூவை மட்டும் தூக்கிவிட்டு அன்னத்தை அமர்த்திப் பார்ப்பது சில நிமிட வேலை. பதக்கத்தின் புகைப்படத்தின் மேலேயே வடிவத்தை வைத்துக் காட்டலாம் என்பதால், கல்யாண நகையைத் தொரன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கொழும்பிலுள்ள உறவினர் மூலம் செய்விப்பவர்கள் அதைப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் கைக்கு வராத வளைவு கண்ணாடித் திரையிலும் வராது. ஒரு செம்பிலோ தட்டத்திலோ ஒற்றைப் பெயர் வெட்டுவதற்கு டேப்லெட்டைத் திறப்பதும் வீண். பென்சிலால் நேரே எழுதி வெட்டுவதே விரைவானது.

எந்த வகையான டேப்லெட்டை வாங்க வேண்டும்?

மூன்று வகைகள் உண்டு. முதலாவது, திரையில்லாத பலகை. இதைக் கணினியோடு இணைத்து, கை பலகையில் ஓட, கண் கணினித் திரையில் இருக்கும்படி வரைய வேண்டும். விலை குறைந்தது இதுதான், ஆயினும் கையும் கண்ணும் வெவ்வேறு இடத்தில் இருப்பதற்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அரக்குக் கட்டையில் பதித்த உலோகத்தைப் பார்த்தபடியே வெட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவு மற்றவர்களை விட அதிகமாக உறுத்துகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். இரண்டாவது, கணினியோடு இணைக்கும் வரைதிரை. பேனா படும் இடத்திலேயே கோடு தோன்றும். மூன்றாவது, ஐபேட், சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசை போன்று தனித்தே இயங்குபவை. பட்டறைக்கும் வீட்டுக்கும் கடைக்கும் இடையே அலைபவர்களுக்கு நான் மூன்றாவதையே சொல்வேன்.

வாங்கும்போது திரையை விடப் பேனாவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நுனியில் ரப்பர் உருண்டை வைத்த மலிவான பேனாக்கள் விரலுக்கு மாற்றாக மட்டுமே வேலை செய்யும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அவை உணர்வதில்லை. அப்பிள் பென்சிலிலும் இந்த வேறுபாடு உண்டு. 2015இல் வந்த முதல் தலைமுறை, 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை, 2024இல் வந்த புரோ ஆகிய மூன்றும் அழுத்தத்தை உணர்பவை. 2023இல் வந்த, யூஎஸ்பி-சி எனப்படும் விலை குறைந்த வகை அழுத்தத்தை உணராது. குறிப்பு எழுதுவதற்கு அது போதும், செதுக்கு வேலைக்கு உதவாது. ஒவ்வொரு பென்சிலும் எல்லா ஐபேட்டிலும் இணையாது என்பதால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறு எங்கோ வாங்கும்போது இரண்டையும் கடையிலேயே இணைத்து, ஒரு கோடு வரைந்து பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். பாவித்த பொருளாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வாகொம் பலகைகளின் பேனாவும் சாம்சங்கின் எஸ் பேனாவும் பலகையின் மின்காந்தப் புலத்திலிருந்தே ஆற்றலைப் பெறுவதால், வரைவதற்கு அவற்றுக்குப் பற்றரி தேவையில்லை. பேனா நுனிகள் தேய்ந்து போகும் பொருள்கள் ஆகையால், மாற்று நுனி இங்கே கிடைக்கிறதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்றும் 16384 என்றும் போட்டிருக்கிறார்களே?

செதுக்கு வடிவத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் கை உணராது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு தயங்காமல் தொடங்குகிறதா என்பதைப் பாருங்கள்.

பேனாவின் அழுத்தத்துக்கும் உளியின் ஆழத்துக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வி வடிவ முகமுள்ள உளியால் வெட்டும்போது கோட்டின் அகலமும் ஆழமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. முகத்தின் கோணம் 90 பாகையாக இருந்தால், 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும்போது கோடு 0.2 மில்லிமீட்டர் அகலமாகத் திறக்கும். கோணம் 120 பாகை என்றால் அதே ஆழத்துக்கு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். அப்படியானால் திரையில் நீங்கள் பேனாவை அழுத்தி ஒரு கோட்டை அகலமாக்கும் ஒவ்வொரு முறையும், உலோகத்தில் இவ்வளவு ஆழம் இறங்கு என்று உளிக்குக் கட்டளையிடுகிறீர்கள். 0.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் செய்த பதக்கம் ஒன்றுக்கு, நடுவில் 0.6 மில்லிமீட்டர் அகலம் வரை பருக்கும் தண்டு ஒன்றை வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 பாகை உளியால் அதை வெட்டினால் 0.3 மில்லிமீட்டர் ஆழம் போகும்; தகட்டின் பாதிக்கும் மேல் தீர்ந்துவிடும், பின்புறத்தில் கோடு புடைத்துத் தெரியவும் கூடும். 120 பாகை உளியால் வெட்டினால் 0.17 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். எந்த உளி பாவிக்கப்படும் என்று பட்டறையில் கேட்காமல் அழுத்தக் கோடுகளை வரைவது, அளவு எடுக்காமல் சட்டை வெட்டுவது போன்றது.

இதனால் வரையும் செயலியில் உள்ள நூற்றுக்கணக்கான தூரிகைகளில் பெரும்பாலானவை நமக்குப் பயன்படா. கரி, நீர்வர்ணம், சொரசொரப்பு எல்லாம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். உளியால் அவற்றை வெட்ட முடியாது. விளிம்பு கூர்மையான, மங்கல் இல்லாத, கடுங்கறுப்புத் தூரிகை ஒன்றைத் தெரிவுசெய்து, அதை மூன்றாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அழுத்தத்துக்கு ஏற்ப அகலம் மாறட்டும், ஆனால் அதன் உச்ச அகலத்தை உளி தாங்கும் எல்லையோடு பூட்டிவிடுங்கள். தண்டும் இலை விளிம்பும் இதற்கு உரியவை. இரண்டாவது, அகலம் மாறாத மெல்லிய கோடு. நிழற்கோடுகளுக்கும் எல்லைக் கோடுகளுக்கும் இதைப் பாவிக்கலாம். மூன்றாவது, வெறும் புள்ளி. எல்லாத் தூரிகைகளிலும் ஒளிபுகு தன்மை அழுத்தத்தோடு மாறுவதை நிறுத்திவிடுங்கள். சாம்பல் நிறக் கோடு என்று உலோகத்தில் ஒன்று இல்லை. வெட்டு இருக்கும் அல்லது இராது. சாம்பல் வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகளை நெருக்கி வரைய வேண்டும், விலகும்போது அது வெளிறும்.

கோட்டின் தொடக்கமும் முடிவும் இதே அளவு கவனத்துக்குரியவை. உளி உலோகத்தில் இறங்கும்போது கூராகத் தொடங்கி, பருத்து, மேலே எழும்போது மீண்டும் கூராக முடியும். பேனாக் கோடும் அவ்வாறே இருக்க வேண்டும். எந்தத் திசையில் உளி தள்ளப்படும் என்று எண்ணி அதே திசையில் பேனாவை இழுத்துப் பழகினால், வெட்டுபவர் உங்கள் வரைபைப் பார்த்தவுடனேயே கையின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்வார். கை நடுக்கத்தை மட்டுப்படுத்தும் வசதி பல செயலிகளில் உண்டு; நீண்ட தண்டுகளுக்கு அதைக் கூட்டி வையுங்கள், சிறிய இலை நரம்புகளுக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா இலைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல வழுக்கிக்கொண்டு நிற்கும்.

கோப்பை என்ன அளவில் தொடங்க வேண்டும்?

சிறிய வேலைகளுக்குப் பத்து மடங்கு அளவில் வரையுங்கள். மோதிரத்தின் முகப்பு 12க்கு 10 மில்லிமீட்டர் என்றால், கோப்பை 120க்கு 100 மில்லிமீட்டராக, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் திறவுங்கள். அது 1417க்கு 1181 புள்ளிகளாக அமையும், எந்த டேப்லெட்டும் அதைத் திணறாமல் தாங்கும். இதில் ஒரு வசதி உண்டு. திரையில் 1 மில்லிமீட்டர் அகலமாக வரைந்த கோடு உலோகத்தில் 0.1 மில்லிமீட்டர் என்பதால், மனக்கணக்கிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம். தட்டம், குத்துவிளக்கின் அடி போன்ற பெரியவற்றுக்கு இரண்டு மடங்கே போதும். மாறாக, 12 மில்லிமீட்டர் முகப்பை உண்மை அளவிலேயே 300 புள்ளிகளில் திறந்தால், அகலத்தில் 142 புள்ளிகள்தான் கிடைக்கும். ஒரு புள்ளியே 0.085 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் மெல்லிய கோடு வரைய இடமே இராது.

திரையில் அழகாக இருந்த வடிவம் மோதிரத்தில் கறுத்த கறையாகத் தெரிகிறதே, ஏன்?

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான் காரணம். மயிலின் தோகைக் கண் ஒன்றைத் திரை முழுவதும் நிறையும்படி பெரிதாக்கிவிட்டு, அதற்குள் மூன்று வளையமும் பதினைந்து கதிரும் வரைந்துவிடலாம். உண்மையில் அந்தக் கண் கடுகளவு கூட இராது. கோடுகளுக்கு இடையில் எஞ்சும் உலோகமே ஒளியைத் திருப்பி அனுப்பி வடிவத்தைக் காட்டுகிறது. அந்த இடைவெளி தீர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒரு மங்கல் மட்டுமே. பழகாத கைக்கு 0.2 மில்லிமீட்டர் இடைவெளியே இறுக்கமானது. பத்து மடங்குக் கோப்பில் அது 2 மில்லிமீட்டர்.

ஆகவே வரையும் போதே அடிக்கடி உண்மை அளவில் பார்க்க வேண்டும். திரையில் சுருக்கிப் பார்ப்பது ஓர் ஊகத்துக்கு மட்டும் உதவும். நம்பத்தக்க வழி, பிடிஎஃப் கோப்பாக்கி, லேசர் பிரிண்டரில் உண்மை அளவில் அச்சிட்டு, அந்தத் தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்ப்பதே. அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவை நீக்கி, 100 வீதம் என்று வையுங்கள். வடிவத்தின் ஓரத்தில் 10 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். போட்டோக் கொப்பிக் கடையில் அச்சிடக் கொடுப்பவர்களுக்கு இந்தச் சிறு கோடு பல சச்சரவுகளைத் தவிர்த்துக் கொடுக்கும்.

காப்பைச் சுற்றி வரும் தொடர் வடிவத்தைச் சரியாகப் பொருந்தும்படி அமைப்பது எப்படி?

கணக்கைக் காப்பின் உள்விட்டத்திலிருந்து தொடங்கி, வெளிச் சுற்றளவில் முடிக்க வேண்டும். 2-8 என்று சொல்லப்படும் காப்பின் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டும், அதாவது 2.5 அங்குலம், 63.5 மில்லிமீட்டர். உட்புறச் சுற்றளவு 199.5 மில்லிமீட்டர். ஆனால் நாம் வெட்டுவது வெளிப்புறத்தில். தடிப்பு 1.5 மில்லிமீட்டர் என்றால் வெளிவிட்டம் 66.5, வெளிச் சுற்றளவு 208.9 மில்லிமீட்டர். பன்னிரண்டு தாமரை வர வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் 17.4 மில்லிமீட்டர் உண்டு. உள்ளளவை வைத்துக் கணக்கிட்டவர் ஒவ்வொன்றையும் 16.6 மில்லிமீட்டராக வரைந்திருப்பார். சுற்றி முடியும்போது 9 மில்லிமீட்டருக்கு மேல் வெறுமையாக நிற்கும், அதை மறைக்கப் பூவும் இல்லாத மொட்டும் இல்லாத ஏதோ ஒன்றைச் செருக வேண்டியிருக்கும். அன்னமும் தாமரையும் மாறி மாறி வருமானால் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். திருகு வைத்துத் திறக்கும் காப்பில் பூட்டும் பிணைச்சலும் எடுத்துக்கொள்ளும் நீளத்தை முதலில் கழித்துவிட்டுப் பங்கிடுங்கள்.

ஓர் அலகை மட்டும் வரைந்து பிரதி எடுப்பதே முறை. இலவசமாகக் கிடைக்கும் க்ரிட்டா மென்பொருளில், வலப்புறம் வெளியேறும் கோடு இடப்புறமாக உள்ளே நுழையும்படி செய்யும் சுற்று முறை ஒன்று இருக்கிறது. கொடி அலகுகளின் இணைப்பு எங்கே என்று தெரியாமல் ஓட அதைப்போல உதவுவது வேறில்லை. ஐபேட்டில் ப்ரொக்ரியேட் என்ற வரைதல் செயலியைப் பாவிப்பவர்கள் அலகை அடுத்தடுத்து வைத்து, இணைப்பில் தண்டின் அகலம் ஒத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

இருபுறமும் ஒத்த வடிவங்களுக்குச் சமச்சீர் வசதியைப் பாவிக்கலாமா?

முதல் வரைபுக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். கூர்ந்து பார்த்தால், கையால் வெட்டிய பழைய பதக்கங்களில் இடது அன்னமும் வலது அன்னமும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை; அந்தச் சிறு வேறுபாடுதான் அவற்றுக்கு உயிரூட்டுகிறது என்பது என் எண்ணம். அமைப்பைச் சமச்சீராகப் போட்டுவிட்டு, இறகுகளையும் நிழற்கோடுகளையும் இரு பக்கமும் தனித்தனியே கையால் வரையுங்கள்.

புள்ளிக் கோப்பா, திசையன் கோப்பா?

கையால் வெட்டுபவருக்குக் கொடுப்பதென்றால் புள்ளிகளாலான சாதாரணப் படமே போதும். அவர் பார்ப்பது அச்சிட்ட தாளை. லேசருக்கோ கணினி வழிச் செதுக்கு இயந்திரத்துக்கோ போவதென்றால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாத திசையன் கோப்பையே பெரும்பாலும் கேட்பார்கள், எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் வடிவில். கணினியில் இலவசமாக ஓடும் இங்க்ஸ்கேப் புள்ளிப் படத்தைத் திசையனாக மாற்றித் தரும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: வழமையான மாற்றம் ஒவ்வொரு கோட்டின் இரண்டு விளிம்புகளையும் தனித்தனிப் பாதைகளாக எடுக்கும், இயந்திரமும் ஒரே கோட்டை இரு முறை ஓடி இரட்டைக் கீறலாக வெட்டும். மெல்லிய ஒற்றைக் கோடு வேண்டுமென்றால் நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் தெரிவைப் பாவிக்க வேண்டும், இங்க்ஸ்கேப்பின் 1.0 பதிப்பிலிருந்து அது உண்டு.

தமிழிலும் சிங்களத்திலும் பெயர்களைச் செதுக்கக் கோப்பில் எப்படி அமைப்பது?

இங்கே நேரும் தவறுகளில் பாதி எழுத்துருவால் வருபவை. பாமினியில் தட்டச்சு செய்த பெயரை அப்படியே அனுப்பினால், எதிர்ப்புறக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். யுனிகோடில் தட்டச்சு செய்தாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. சில பழைய மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி, கொ என்ற எழுத்து உடைந்து நிற்கும். சிங்கள எழுத்துக்கும் இதே கதி நேரும். ஆகவே அனுப்பும் முன் எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், ண, ன, ந; ல, ள, ழ; ர, ற ஆகியவற்றைப் பெயருக்கு உரியவரிடமே எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே மாற்றுங்கள். தொலைபேசியில் காதால் கேட்டு எழுதிய பெயரை ஒருபோதும் உலோகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மோதிரத்தின் உட்புறத்தில் 2 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதும்போது அச்சு எழுத்துருக்கள் பெரும்பாலும் உதவுவதில்லை. ஞ, ணை, ஸ்ரீ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டுவிடுகின்றன. பேனாவால் ஒற்றைக் கோட்டில் நீங்களே எழுதுங்கள். சுழிகளைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்துகளுக்கு இடையே வெளியைக் கூட்டுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை வட்டமாக வரையாமல் ஒரே குத்தாக விடுங்கள், ஆனால் தலைக்கோட்டோடு ஒட்டாதபடி மேலே தள்ளி வையுங்கள். ஒட்டிவிட்டால் ‘கண்ணன்’ என்ற பெயரைப் படிப்பவர் தடுமாறுவார்.

கடினமான பொருளில் வெட்டிய தமிழ் எழுத்து எப்படி ஓடும் என்று பார்க்க விரும்புவோர், கொழும்பு 7இல் உள்ள தேசிய நூதனசாலைக்கு ஒரு முறை போய் வரலாம். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. ஒரே கல்லில் மூன்று எழுத்து முறைகள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதைப் பார்ப்பது, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் பெயர்ப்பலகைக்கு வரைபவருக்கு நல்ல பாடம்.

டேப்லெட்டில் வரைந்ததை உலோகத்துக்கு மாற்றுவது எப்படி?

கொழும்பில் எளிதாகச் செய்யக்கூடியது லேசர் பிரிண்டர் அல்லது போட்டோக் கொப்பி மையை அசிட்டோனால் இறக்குவது. லேசர் மை என்பது வெப்பத்தால் தாளில் ஒட்டிய நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அசிட்டோன் பட்டால் இளகி உலோகத்தில் ஒட்டும். இங்க்ஜெட் மை இவ்வாறு இறங்காது. உலோகத்தை எண்ணெய்ப் பசையும் கைரேகையும் இல்லாமல் துடைத்து, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தாளை வைத்து, அசையாதபடி ஒட்டுநாடாவால் பிடித்து, அசிட்டோனில் தோய்த்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி, உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்துத் தாளை மெல்ல எடுக்க வேண்டும். அசிட்டோன் கூடினால் கோடுகள் கரைந்து பரவும், குறைந்தால் பாதி தாளிலேயே நிற்கும். இரண்டு மூன்று பித்தளைத் துண்டுகளில் பழகிய பிறகு தங்கத்துக்குப் போங்கள். இறங்கிய மை விரல் பட்டு அழியாதிருக்க மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்று கொடுக்கலாம். அசிட்டோன் மிக விரைவில் தீப்பற்றும். பற்றவைப்புச் சுடர் எரியும் பட்டறையில் அதைத் திறக்கவே கூடாது, யன்னலோரமாக, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள்.

தாள் கவிழ்ந்து படுவதால் வடிவம் இடவலமாக மாறி இறங்கும். எனவே பெயர் நேராகப் படிக்க வர வேண்டுமென்றால், டேப்லெட்டிலேயே கிடையாகப் புரட்டிவிட்டு அச்சிட வேண்டும். முத்திரை மோதிரத்தில் மட்டும் இது தலைகீழாகும்: அரக்கில் பதியும் எழுத்து நேராக வருவதற்கு உலோகத்தில் எழுத்து புரண்டிருக்க வேண்டும் ஆகையால், அந்த வேலைக்குப் புரட்டாமலே அச்சிடுங்கள். அச்சிடும் தாளின் மூலையில் ‘புரட்டியது’ அல்லது ‘புரட்டாதது’ என்று பென்சிலால் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

பிரிண்டர் இல்லாதவர்கள் பழைய முறையையே பின்பற்றலாம்: உலோகத்தின் மேல் வெள்ளைப் போஸ்டர் வர்ணத்தை மெல்லப் பூசி உலரவிட்டு, டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கூரான பென்சிலால் முக்கியக் கோடுகளை மட்டும் வரைந்துகொள்வது. மேடுபள்ளமான சாமான்களுக்கு இதுவே சிறந்தது. தட்டையான தாள் உருண்ட செம்பின் மேல் சுருங்காமல் படியாது.

லேசருக்குக் கொடுப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

கடையில் இருப்பது எந்த லேசர் என்று முதலில் கேளுங்கள். 1064 நனோமீட்டர் அலைநீளமுள்ள ஃபைபர் லேசரே உலோகத்தில் செதுக்கும், 10.6 மைக்ரோமீட்டர் கரியமில வாயு லேசர் மரம், அக்ரிலிக், கருங்கல் பலகை போன்றவற்றுக்கு உரியது, வெறும் உலோகத்தில் அது தடம் பதிக்காது. கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் இரு முறை சுடப்படும். பிவிசிப் பலகையை லேசருக்குக் கொடுக்கக் கூடாது, அதிலிருந்து குளோரின் கலந்த நச்சுப் புகை வரும்.

எங்கள் பட்டறையின் மூத்த பத்தர் டேப்லெட்டைத் தொடவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் தொட வேண்டிய தேவை இல்லை. வடிவத்தை உண்மை அளவில் ஒன்றும், மூன்று மடங்கில் ஒன்றுமாக அச்சிட்டு, ஒரு சிவப்புப் பென்சிலோடு அவர் முன் வையுங்கள். ‘ஐயா, எது வெட்ட வராது?’ என்று கேளுங்கள். இந்த வளைவில் உளி திரும்பாது, இந்த இரண்டு கோடும் சந்திக்கும் மூலையில் உலோகம் உடைந்து விழும், இந்த இலை மூன்றாவது வெட்டிலேயே கறுத்துவிடும் என்று அவர் சுழித்துக் காட்டுவதெல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்காதவை. அந்தத் தாளைப் படமெடுத்து, கோப்பில் ஓர் அடுக்காகச் செருகி, அதன் மேல் திருத்துங்கள். இப்படி இரண்டு மூன்று வடிவங்கள் கைமாறிய பிறகு, பென்சிலை வைத்துவிட்டுத் திரையிலேயே விரலால் சுட்டத் தொடங்கிவிடுவார்கள். வற்புறுத்தினால் அது நடக்காது.

மாதிரி வடிவங்களை எங்கே தேடுவது? இணையத்தில் உள்ளதைப் பிரதி எடுக்கலாமா?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவில் கருங்கல்லால் ஆனது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதைப் புதுப்பித்துக் கட்டினார். அதன் தூண்களிலும் சுவர்களிலும் உள்ள தாமரை இதழும் கொடிக்கருக்கும் ஒரு வரைபவருக்கு வருடக்கணக்கில் போதும். சிங்கள வாடிக்கையாளர்கள் கேட்கும் லியவெல என்ற கொடி வடிவம் நம் கொடிக்கருக்குக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதன் சுருளும் இலையும் வேறு விதமாகப் பிரியும். இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனியே வரைந்து பழகுங்கள். படமெடுப்பதற்கு முன் கோவிலிலும் நூதனசாலையிலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் வரைந்த வடிவத்தை அப்படியே எடுப்பது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவருடைய உரிமையை மீறுவதாகும். வரைந்தவர் தம் உரிமையைப் பதிவுசெய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நகையின் தோற்றத்தைக் கைத்தொழில் வடிவமாகப் பதிவுசெய்ய விரும்பினால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தை நாட வேண்டும்.

பட்டறையில் டேப்லெட்டைப் பாதுகாப்பது எப்படி?

அரத்தூள்தான் முதல் எதிரி. பித்தளைத் துகள் ஒன்று பேனா நுனிக்கும் திரைக்கும் இடையே அகப்பட்டால் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். வேலை மேசைக்கு எட்டத்தில் வைத்து, வரையத் தொடங்கும் முன் திரையைத் துடையுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்துத் திரையில் ஒட்டும் என்பதால், சுண்டு விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் துணிக் கையுறை உதவும். சொரசொரப்பான திரைப் படலம் தாளில் எழுதுவது போன்ற பிடிமானத்தைத் தரும், ஆனால் பேனா நுனியை விரைவில் தின்றுவிடும்.

வடிவத்தை வட்ஸ்அப்பில் அனுப்பலாமா? வரைவதற்குத் தனியாகக் கூலி வாங்கலாமா?

படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகள் மங்கிவிடும், அளவும் தொலைந்துவிடும். பிடிஎஃப் ஆக்கி, ஆவணம் என்ற தெரிவில் அனுப்புங்கள். சம்மதம் கேட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவது மட்டும் இதற்கு விலக்கு. அவருக்கு நகையின் புகைப்படத்தில் பொருத்திய சிறிய படமே போதும், அதை அச்சிட்டு வேறொரு கடைக்குக் கொண்டுபோகவும் இயலாது.

கூலியைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். வெட்டுக் கூலிக்குள் வரைபையும் அடக்கிச் சொன்னால், ஐந்தாவது முறையாக அன்னத்தின் கழுத்தை மாற்றச் சொல்பவரிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இராது. எத்தனை திருத்தம் வரை அந்தத் தொகைக்குள் அடங்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே பற்றுச்சீட்டில் எழுதிக்கொடுங்கள். அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு விலை வேறு. கேட்காதவர்களுக்குப் பிடிஎஃப் பிரதியைக் கொடுத்துவிட்டு, மூலத்தை டேப்லெட்டில் ஒன்றும் வெளியே இன்னொரு இடத்தில் ஒன்றுமாக, வாடிக்கையாளர் பெயரும் சாமானின் அளவும் போட்டுச் சேமித்து வையுங்கள். அதே குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு அதே கொடியைக் கேட்டு வருவார்கள்.